மாமரத்தில் இருப்பதெல்லாம் புல்லுருவி இல்லை!

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் மரக்கிளையில் எது ஒட்டி வளர்ந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: புல்லுருவி. அரிவாளை எடுத்துச் சுரண்டிவிடுவார்கள். அப்படிப் போகிறவற்றில் ஆர்க்கிட்டும் உண்டு என்பதுதான் என் வருத்தம்.

வித்தியாசம் வேரில் இருக்கிறது. புல்லுருவி கிளைக்குள் புகுந்து மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஒட்டிய இடம் முடிச்சுபோல வீங்கியிருக்கும். ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலேயே வெள்ளைக் கயிறாக ஓடும். மழையும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இருக்கிறது சித்தப்பாவின் மாந்தோப்பு. போன பங்குனியில், மூன்று மரங்களைச் சுரண்ட ஆள் சொல்லியிருந்தார். ஒன்றில் இருந்தது ஆர்க்கிட். "நீ படிச்சதைச் சொல்றே. மரம் பட்டுப்போனா யாரு பொறுப்பு?" என்றார். நான் பேசவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வேரில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேர் பச்சையாக மாறியது. சித்தப்பா விரலால் தடவிப் பார்த்தார். அந்த மரம் தப்பித்தது.

அது வாண்டா டெசல்லேட்டா. நடுவில் மடிந்த ஒடுங்கிய இலை; நுனி எலி கடித்ததுபோல இருக்கும். பூவில் பழுப்புக் கட்டங்கள், ஊதா உதடு, நல்ல வாசனை. இதனுடன் குழம்பக்கூடியது அகாம்பே. அதன் இலை இன்னும் தடிமன். சின்ன மஞ்சள் பூக்களில் செந்நிற வரிகள் இருக்கும்.

'வாண்டா' சம்ஸ்கிருதச் சொல். ஜப்பானியர்கள் எடோ காலத்திலிருந்து (1603-1868) போற்றி வளர்க்கும் ஃபூகிரான் ஆர்க்கிட்டையும் தாவரவியலாளர்கள் இப்போது வாண்டா இனத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பூவுக்காகக் காத்திருக்காமலே ரகம் சொல்வார்கள். இலை தண்டோடு சேரும் கோடு பிறையா, மலை முகடா, நேர்கோடா? வேர் நுனி பச்சையா, சிவப்பா? இலையில் வெள்ளை, மஞ்சள் வரி உண்டா? இவைதான் அடையாளங்கள். நம் மாமரத்துச் செடி அதற்குச் சொந்தக்காரி!

உங்கள் தோப்பிலும் சுரண்டும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். புல்லுருவி என்றால் கிளையோடு வெட்டுங்கள். ஆர்க்கிட் என்றால் விட்டுவிடுங்கள். காற்றில் கிளை முறிந்து விழுந்தால், செடியைத் தேங்காய் நார்க்கயிற்றால் வேறொரு மரத்தில் கட்டுங்கள். மண் வேண்டாம். வேர் புதுப்பட்டையைப் பிடிக்கும்வரை காலையில் தண்ணீர் தெளித்தால் போதும்.