மடித்த தாள்களில் ஒரு நாடு

காலிமுகத்திடலில் மாலை வேளையில் நிற்போர் இன்று இரு புதுமைகளைக் காண்பர். ஒன்று, கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் பரப்புள்ள துறைமுக நகரம். மற்றையது, பேரை வாவியருகே உயர்ந்து நிற்கும் உல்லாச விடுதி. 2025 ஓகஸ்டில் அவ்விடுதியிற் பெரியதொரு சூதாட்டக்கூடமும் திறக்கப்பட்டது. கொழும்பைச் சூதாட்ட உல்லாச நகராகக் காட்டும் விளம்பரங்கள் கைத்தொலைபேசியில் மின்னி மறைகின்றன. அவற்றைக் காணுந்தோறும், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழிருந்த றங்குப்பெட்டியே என் நினைவில் எழுகின்றது.

அது பெரியப்பாவின் பெட்டி. கோட்டையில் கப்பற் பிரயாண முகவர் நிலையமொன்றில் அவர் எழுதுவினைஞர். நாட்பட்டுப்போன பிரயாணப் பிரசுரங்களை அங்கு கழித்துவிடும்போது அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். துறைமுகத்துக் கப்பல்களின் ஊதொலி கேட்டு வளர்ந்தவர் நாம். ஆயினும் பெரியப்பா உட்பட எங்கள் வீட்டார் எவரும் கப்பலேறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பெட்டி திறக்கப்படும். 1947 இல் தொடங்கப்பெற்ற எயர் சிலோன் நிறுவனத்தின் தாள்களும், 1966 இன் சட்டத்தால் அமைந்த உல்லாசப் பயணச் சபையின் வண்ணத் தாள்களும் பாயிலே பரப்பப்படும். கரையிலிருந்து நெடுந்தூரம் கடலுள் நடந்து செல்லக்கூடிய பாசிக்குடாவை நான் முதலிற் கண்டது அவற்றிலேதான். இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை செல்லும் விமானப் பாதையை நீலக்கோடாக வரைந்த தாளொன்று பெரியப்பாவுக்கு மிக விருப்பமானது.

பிறநாட்டுத் தாள்களுள் எங்களைப் பெரிதும் மயக்கியது அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்துப் பிரசுரம். 1931 இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பின் பாலைநிலத்திற் செழித்த நகரம் அது.

"உந்த வெளிச்சமெல்லாம் என்னத்துக்கு?" என்று அம்மா ஒருமுறை வினவினார்.

"சனங்கள் காசைத் துலைக்கத்தான்" என்றார் பெரியப்பா.

"அதுக்கு உவ்வளவு தூரம் போகவேணுமே?" என்று கூறி அம்மா சிரித்தது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

அத்தாள்களிற் குறை இல்லாமலில்லை. பெட்டியில் இருந்தவை யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தென்னையும் யானையும் தேயிலை கொய்யும் பெண்ணும் சிரித்த அப்பக்கங்களில், அப்பெண்ணின் லயத்து அறையைக் காணமுடியாது. எங்கள் வீட்டுக்கு அணித்தேயிருந்த பொன்னம்பலவாணேசர் கோவிலின் கருங்கற்றூண்களும் அவற்றில் இடம்பெறவில்லை. காட்டப்பட்ட நாட்டில் நாம் இருக்கவில்லை. அதை அக்காலத்தில் நாம் உணரவுமில்லை.

1970களில் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். பெட்டியும் உடன் வந்தது. 1983 யூலையில் எங்கள் வீடு எரியூட்டப்பட்டபோது அதுவும் எரிந்தது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாகத் தங்கினோம். பின்னர் சரக்குக் கப்பலொன்றிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டோம். பிறருடைய கப்பற் பயணங்களுக்குச் சீட்டெழுதியே தலைநரைத்த பெரியப்பாவுக்கு அதுவே முதற் கப்பற் பயணம். சனநெரிசலுக்கிடையே மேற்தளத்திற் குந்தியிருந்தவர், "இரத்மலானையிலையிருந்து காங்கேசன்துறைக்கு. அந்த நீலக்கோடுதான்" என்று மட்டும் சொன்னார். அவர் மீண்டும் கொழும்புக்கு வரவில்லை.

சென்ற ஆண்டு மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் எயர் சிலோன் தாளொன்று கிடைத்தது. பெரியப்பாவினது அன்று, ஆயினும் அதே நீலக்கோடு. பேரம் பேசாமல் வாங்கினேன். அக்காலம் பொற்காலமென்று மயங்கி நான் அதனை வாங்கவில்லை. அத்தாள்கள் பாதி உண்மையையே கூறின என்பதை அறிவேன். ஆயினும், சீட்டு வாங்கியவன் போய்ப் பார்த்து, அச்சமின்றித் தன் வீட்டுக்குத் திரும்புவான் என்னும் எளிய நம்பிக்கை ஒன்று அவற்றின் ஒவ்வொரு மடிப்பிலும் இருந்தது. எங்களை மயக்கிய கவர்ச்சி அதுவேயென இப்போது தோன்றுகின்றது.

புதிய நகரத்தின் விளக்குகளை நான் வெறுப்பவனல்லன். அவ்வொளியைக் காட்டும் விளம்பரங்களில் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எங்கேனும் தெரிகின்றனவா என்றே தேடுகின்றேன். தேடிக் களைத்த இரவுகளில், அம்மா கேட்ட கேள்விதான் நினைவுக்கு வருகின்றது.