வீட்டில் ஒலிப்பதிவு செய்ய எதை வாங்குவது, எதை விடுவது?

ஜேர்மனியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது பாட்டோ மிருதங்கமோ பழகுகிறது. "வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய என்ன சாமான் வேண்டும்? எவ்வளவு காசு முடியும்?" என்று கோவிலிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் இசை படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஒரே தொழிற்சாலையில் காலை, மாலை, இரவு என்று மாறிமாறி வேலை செய்யும் மூன்று பேர். ஒருவர் பாடுவார், ஒருவர் மிருதங்கம் வாசிப்பார், மற்றவர் வயர் பூட்டுவார். எங்கள் பள்ளிப் படிப்பை யுத்தம் பாதியில் நிறுத்திவிட்டது. ஆகவே இங்கே எழுதுவது வேலை முடிந்து வந்து நாமே தொட்டுப் பார்த்து அறிந்தவை.

புதிதாக வந்த குடும்பத்தில் ஒவ்வொரு யூரோவுக்கும் ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கிறது. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, வந்த கடன். ஆகவே குறைந்த சாமானுடன் தொடங்குங்கள் என்பதே எமது கருத்து.

முதலில் அறையைப் பாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் பதிவிலும் அது வரும். குசினியும் குளியலறையும் வேண்டாம். கட்டில், மெத்தை, உடுப்பு அலுமாரி உள்ள படுக்கையறை நல்லது. பாடுபவரின் முதுகுப் பக்கம் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. போர்வை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. இங்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அமைதி காக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படியே. மிருதங்கத்தைச் சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மைக். இதில் டைனமிக், கொண்டென்சர் என்று இரண்டு வகை உண்டு. கொண்டென்சர் நுணுக்கமாக எடுக்கும், ஆனால் வீதியில் போகும் பஸ்ஸையும் மேல்மாடிப் பிள்ளைகளின் ஓட்டத்தையும் சேர்த்தே எடுக்கும். அதற்கு 48 வோல்ற் மின்சாரமும் கொடுக்க வேண்டும். மாடிக் குடியிருப்புக்கு டைனமிக் மைக் பொருத்தம். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்ற மைக் 1966இல் வந்தது, இன்றும் மேடைகளில் பாவனையில் இருக்கிறது. புதிதாகச் சுமார் 100 யூரோ. பழையது வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் வாங்கும் இடத்திலேயே பூட்டிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மைக்கைக் கொம்பியூட்டரில் பூட்ட இடையில் ஒரு சிறு பெட்டி வேண்டும். ஓடியோ இன்ரர்பேஸ் என்பார்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெற் போன்றவை 100 முதல் 200 யூரோவுக்குள் கிடைக்கும். பாட்டு மட்டும் என்றால் ஒரு மைக் பூட்டுவது போதும். மிருதங்கமும் உண்டென்றால் இரண்டு மைக் பூட்டக்கூடியதை வாங்குங்கள். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று வைக்கலாம்.

காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். சுருதியை அதற்குள் மட்டும் கேட்கவிட்டுப் பாடுங்கள். அப்போது குரல் தனியாகப் பதிவாகும், சுருதியைப் பிறகு வேண்டிய அளவில் சேர்க்கலாம். ஸ்பீக்கருக்கு இப்போது அவசரம் இல்லை.

மென்பொருளுக்கும் பெருங்காசு தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒடாசிற்றி இலவசம். அப்பிள் கொம்பியூட்டர் உள்ளவர்களுக்குக் கராஜ்பான்ட் இலவசம். பல குரல்களும் வாத்தியங்களும் சேர்க்க ரீப்பர் நல்லது. அதை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், வீட்டுப் பாவனைக்கு விலை 60 டொலர். திருட்டு நகல்களைத் தேடாதீர்கள். பிள்ளைகள் பாடம் படிக்கும் கொம்பியூட்டருக்குள் அதனுடன் வைரசும் வரலாம்.

பதிவு செய்யும்போது 24 பிற் என்று வையுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றால் நல்லது. சிவப்பு விளக்கு எரிந்து குரல் உடைந்தால் பிறகு சரிசெய்வது கடினம். குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம்.

இவ்வளவும் நாம் செய்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. எம்மில் ஒருவரின் தகப்பனார் கூத்துப் பாடுபவர். அவர் பாடிய கசற்றுகள் ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருந்தன. 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தப் பெட்டி பங்கருக்குள் நின்றுவிட்டது. தகப்பனாரும் அவ்வருடமே போய்விட்டார். இன்று அவரது குரல் எங்கும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் இருக்கிறது, கேட்கக் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே எங்கள் அறையில் முதலில் பதிந்தது பிள்ளைகளின் பாட்டு அல்ல. மற்றொருவரின் அம்மம்மாவை, மெத்தைக் கதிரையில் இருத்தி, முன்னால் ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்தோம். "எனக்கென்ன பாட்டுத் தெரியும், தம்பி" என்றவர், தாலாட்டில் தொடங்கி வயலில் அருவி வெட்டும்போது பாடிய பாட்டுவரை பாடினார். இடையில் மூச்சு வாங்கியதையும் நாம் வெட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் வயது போனவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், திகதி மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். கோப்பை வேவ் வடிவிலேயே வையுங்கள். ஒரு மைக்கில் பதிந்தால் ஒரு மணித்தியாலம் அரை கிகாபைற் அளவில்தான் வரும். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பூட்டுவதில் சந்தேகம் என்றால் கோவிலில் எங்களைக் கண்டு கேளுங்கள். வேலை இல்லாத நாளில் வந்து பூட்டித் தருவோம். ஒரு தேத்தண்ணி தந்தால் போதும்.