விலை பார்த்த கணக்கு

எங்கள் வீட்டுக் கினிப்பன்றி நோய் வந்து செத்துப்போனது என்றுதான் மகளிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்திருந்தேன். அந்த நோயை வரவழைத்தது நான் என்பதைச் சொல்லவில்லை.

கடைக்காரர் இரண்டாக வாங்கச் சொன்னார். ஒன்றே போதும் என்றேன். கூட்டமாக வாழும் பிராணி அது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிப்படி அதைத் தனியாக வளர்க்கவே கூடாது. அதன் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை ஓயாமல் மென்றால்தான் தேயும். நான் போட்டது தீவனமும் வெள்ளரித் துண்டும், சில நாள் மீந்த சோறும்.

தீவனப் பையில் வைட்டமின் சி சேர்த்தது என்று அச்சிட்டிருந்ததை நம்பினேன். நாய், பூனை, மாடு எல்லாம் அந்தச் சத்தைத் தம் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு, நம்மைப் போலவே, அது முடியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு, அந்தச் சத்து இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. தீவனத்தில் சேர்த்த வைட்டமின் நாளாக ஆக வீரியம் இழந்துவிடும். நானோ மலிவு என்று பெரிய பையாக வாங்கி மாதக்கணக்கில் போட்டேன். தினம் ஒரு துண்டு குடைமிளகாயோ கொய்யாவோ கொடுத்திருந்தால் போதும். எங்கள் தெருமுனையில் கொய்யாப்பழ வண்டி தினமும் நிற்கும்.

முதலில் ஓட்டம் குறைந்தது. மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. தூக்கினால் கீச்சென்று கத்தியது. "வந்த புதுசுல என்னா ஓட்டம், இப்ப சமர்த்தாயிடுச்சு" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. வெளியே தெரியும்போது முற்றியிருக்கும்.

"அப்பா, அது எதுவுமே சாப்பிடலப்பா. டாக்டர்கிட்ட போலாம்ப்பா" என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்மா" என்றேன். வேலை இருந்தது என்பது சாக்கு. டாக்டர் ஃபீஸ் அதை வாங்கிய விலையைவிட அதிகம், போனால் இன்னொன்று வாங்கிவிடலாம் என்றுதான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இத்தனை காலம் நான் யாரிடமும் சொல்லாதது இதுதான்.

கினிப்பன்றி ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் மந்தமாகி உயிருக்கு ஆபத்தாகும். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தொட்டுப் பார்த்தபோது கால் மூட்டுகள் வீங்கியிருந்தன, ஈறில் ரத்தம் கசிந்தது. இத்தனை நாளாக அது கத்தியது வலியில் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊசி போட்டார். அன்றிரவே இறந்துவிட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் எட்டு வருஷம் வரை இருக்கும் உயிர்.

இதை எழுதுவதற்கு முன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

கினிப்பன்றி வாங்கப் போகிறவர்கள், அதற்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்து, காலையிலிருந்து அது புல்லைத் தொடவில்லை என்றால், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.