செய்து பார்க்காமல் எழுதிய குறிப்பு

பத்திரிகைகளுக்குச் சமையல் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நான் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஒரு கோடைச் சிறப்பிதழுக்காக, நன்னாரி சோடாவும் வெனிலா ஐஸ்கிரீமும் சேர்ந்த குச்சி ஐஸை வீட்டிலேயே செய்யும் முறையை எழுதிக் கொடுத்தேன். அதை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. அதை நம்பிச் செய்த ஒரு பெண்ணின் உள்ளங்கை கிழிந்தது. அவர் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. விசாரித்தவர்களிடம் பழியை அவர் தலையிலேயே போட்டேன்.

நேரமில்லாமல் செய்து பார்க்காமல் விட்டேன் என்றால் பொய். நேரம் இருந்தது. இதில் தப்பாகப் போக என்ன இருக்கிறது என்ற அலட்சியம்தான். மைசூர்பாகு எழுதினால் பாகுப் பதம் கைக்குப் பிடிபடும் வரை கிளறிப் பார்ப்பேன். ஊறுகாய் எழுதினால் ஜாடியை மாதக்கணக்கில் வைத்திருந்து, பூஞ்சை பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உப்பின் அளவைச் சொல்வேன். சோடாவையும் ஐஸ்கிரீமையும் ஃப்ரீசரில் வைப்பதற்கு என்ன கைப்பக்குவம் வேண்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். சின்ன வேலை என்று நான் ஒதுக்கியதுதான் இன்னொருவர் வீட்டில் ரத்தம் வரவைத்தது.

படித்தது மட்டும் நிறையப் படித்திருந்தேன். சோடாவில் ஐஸ்கிரீமை மிதக்கவிட்டுக் குடிப்பது அமெரிக்கப் பழக்கம். 1874-ல் பிலடெல்பியாவில் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் நடத்திய பொன்விழாக் கண்காட்சியில் சோடாக் கடை போட்டிருந்த ராபர்ட் கிரீன் என்பவர் அதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு வேறு சிலரும் உரிமை கொண்டாடினார்கள். அதே ஊரில் இரண்டு வருஷம் கழித்து, 1876 நூற்றாண்டுக் கண்காட்சியில், சார்லஸ் ஹயர்ஸ் தன் ‘ரூட் பீர்’ பானத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். ரூட் பீரில் வெனிலா ஐஸ்கிரீம் போட்டுக் குடிப்பது பிறகு அந்த நாட்டின் பிரியமான கோடைப் பண்டமாகிவிட்டது. ரூட் பீர் என்பது சாராயமல்ல, வேர்களும் பட்டைகளும் போட்டுச் செய்த இனிப்புப் பானம். அதில் சேர்ந்த முக்கியமான வேர்களில் ஒன்று சார்சபரில்லா. நம் நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சார்சபரில்லா என்றுதான் பெயர். செடிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், மண்ணும் வெனிலாவும் கலந்த மாதிரியான அந்த வாசனை இரண்டிலும் ஒட்டிவரும். நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்த நாக்குக்கு ரூட் பீர் அந்நியமாகத் தெரியாது.

குச்சி ஐஸின் கதையும் சோடாவில்தான் தொடங்குகிறது. 1905-ல் கலிபோர்னியாவில் பதினொரு வயதுப் பையன் ஃபிராங்க் எப்பர்சன், சோடாப் பொடியைத் தண்ணீரில் கலக்கிவிட்டு, கிண்டிய குச்சியோடு வாசலில் மறந்து விட்டுப் போனான். அன்றிரவுக் குளிரில் அது உறைந்துபோயிருந்தது. வளர்ந்த பிறகு, 1924-ல், அதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்தக் கதைகளையெல்லாம் சரிபார்த்து, குறிப்புக்கு முன்னுரையாக அழகாக எழுதினேன். பாராட்டும் வந்தது. முன்னுரைக்கு எடுத்த சிரத்தையில் பாதியைச் செய்முறைக்கு எடுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

செய்முறையில் நான் எழுதிய வாக்கியம் ஏறக்குறைய இதுதான்: “கோலி சோடா பாட்டிலை உடைக்காமல் அப்படியே ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாதி உறைந்து கூழானதும் எடுத்து, நன்னாரிச் சாறோடு அச்சில் ஊற்றினால் கேஸ் போகாமல் இருக்கும்.” நான் படித்த எந்தக் குறிப்பிலும் இது இல்லை. அவர்கள் சோடாவை அச்சில் ஊற்றி, மேலே ஐஸ்கிரீமை வைத்து உறையவைக்கச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். பாட்டிலோடு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னது என் சொந்தச் சரக்கு. நுரையும் சுறுசுறுப்பும் ஐஸிலும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேசையில் உட்கார்ந்து யோசித்தபோது அது சரியாகவே பட்டது. படத்துக்குக் கடையில் வாங்கிய குச்சி ஐஸ் ஒன்றைச் சோடா ஊற்றிய டம்ளரில் நிறுத்தி வைத்தோம். பார்த்தவர்கள் அது என் கையால் செய்தது என்றுதானே நினைத்திருப்பார்கள்? நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கடிதம் தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தது. ஃப்ரீசரில் பாட்டிலை வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது, திரும்பி வந்த பிறகு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். கதவைத் திறந்து பாட்டிலைக் கையில் எடுத்ததும் வெடித்துவிட்டது. நல்லவேளை, பிள்ளைகள் கூடத்தில் இருந்தார்கள். வலது உள்ளங்கையில் தையல். இவ்வளவையும் கோபமில்லாமல் எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டிருந்தார்: “அக்கா, நீங்க செஞ்சு பார்த்துட்டுத்தானே எழுதுவீங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது, “நான் ஒரு மணி நேரம் என்றுதானே போட்டிருக்கிறேன், அந்தம்மா அதற்கு மேல் விட்டிருக்கிறார்” என்றேன். கரண்ட் போன விஷயத்தை அவர் நேர்மையாக எழுதியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதையே பிடித்துக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த இதழிலேயே திருத்தம் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. கோடை முடிந்தது, பேச்சும் அடங்கிவிட்டது.

இப்போது நினைத்தால் அந்தப் பதில்தான் என்னை அதிகமாக உறுத்துகிறது. தமிழ்நாட்டுக் கோடையில் கரண்ட் போகும் என்பது எனக்குத் தெரியாதா? ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரும் ஒரே மாதிரி குளிராது என்பது தெரியாதா? கடிகாரத்தை நம்பி ஃப்ரீசர் வேலை சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அதுவும் போகட்டும். அவர் சரியாக ஒரு மணி நேரத்திலேயே எடுத்திருந்தாலும் நான் சொல்லிக்கொடுத்தது ஆபத்தான வேலைதான்.

ஏன் ஆபத்து என்பதைப் பிற்பாடுதான் உட்கார்ந்து படித்தேன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். மூடிய பாட்டிலில் அது பெருக்க இடமில்லை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் உறையும்போது சர்க்கரையையும் கரியமில வாயுவையும் தனக்குள் சேர்க்காமல் வெளியே தள்ளிவிடும். பனிக்கட்டி கூடக் கூட, மிஞ்சியிருக்கிற கொஞ்சத் திரவத்தில் வாயு முழுவதும் வந்து நெருக்கியடிக்கும், அழுத்தம் ஏறும். கோலி சோடா பாட்டிலில் கோலியைக் கழுத்தில் இறுக்கிப் பிடித்திருப்பதே உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம்தான். ஏற்கெனவே விறைத்து நிற்கிற கண்ணாடி அது. அதைக் கூழாகும் வரை உறையவைத்து வெறுங்கையால் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பாட்டில் வெடிக்காமல் இருந்தாலும் அந்தக் குறிப்பு உருப்படியாக வந்திருக்காது. சோடாவின் சுறுசுறுப்பை ஐஸில் பிடித்து வைக்க முடியாது. உறைகிற நேரத்தில் வாயு போய்விடும், மிஞ்சுவது வெறும் இனிப்புப் பனிக்கட்டி. அந்த இனிப்பும் மட்டுதான், ஏனென்றால் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். பாட்டில் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். குடிக்கும்போது திகட்டுகிற அளவு அது, உறைந்த பிறகு போதாது. உறிஞ்சினால் முதல் இழுப்பிலேயே சாறெல்லாம் இறங்கி, கையில் வெள்ளைப் பனிக்கட்டிதான் மிஞ்சும். கோலாவையும் ஐஸ்கிரீமையும் ஒன்றாக அடித்து உறையவைத்தால் இன்னொரு கோளாறு. கோலாவின் புளிப்பு கடுமையானது, அதில் பால் திரிந்து சின்னச் சின்னத் துகளாக நிற்கும். எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்திலும் இதே கதைதான்.

இதெல்லாம் என் சமையலறையில், என் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு கோடை முழுக்க இதிலேயே கிடந்தேன். இப்போது நிச்சயமாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நன்னாரி வேர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 50 கிராம் வேரை மண் போகக் கழுவி, உரலில் லேசாகத் தட்டினால் மேல்பட்டை பிளந்து, நடுவில் வெளுத்த நரம்பு தெரியும். வாசனை எல்லாம் பட்டையில்தான், நரம்பை உருவி எறிந்துவிடலாம். பட்டையின் மேல் அரை லிட்டர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மூடியைத் திறந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும். வடிகட்டி, அரைக் கிலோ சர்க்கரை போட்டு, கரைகிற வரை மட்டும் சூடாக்குங்கள். நெடுநேரம் கொதித்தால் வாசனை ஆவியாகிவிடும். எலுமிச்சை வேண்டாம்.

இந்தச் சாறு ஒரு பங்கு என்றால் தண்ணீர் ஒன்றரைப் பங்கு. குடிக்க இது திகட்டும், உறைந்தால் சரியாக இருக்கும். இதைவிடச் சாறு கூடினால் இறுகாமல் குழைவாகவே நிற்கும். சின்ன எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவுக்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். எத்தனை மணி நேரம் என்று நான் சொல்லப்போவதில்லை. விரலால் தொட்டுப் பாருங்கள்: ஓரம் இறுகி, நடு குழைவாக இருக்கும்போது குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். அப்போது ஐஸ்கிரீமை மேலே வழித்து வையுங்கள். அதற்கு முன் ஐஸ்கிரீம் டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்து, கரண்டி இறங்குகிற அளவுக்கு மட்டும் இளகவிட வேண்டும். முழுக்க உருகினால் அதற்குள் இருக்கிற காற்று போய்விடும், மறுபடி உறையும்போது நறநறவென்று பனித்துகளாகிவிடும். டப்பாவில் ‘ஐஸ்கிரீம்’ என்றே போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பெயரைப் போட நம் நாட்டுச் சட்டப்படி குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால் தாவர எண்ணெயில் செய்தது. இந்தப் பண்டத்தில் நன்னாரிக்கு ஈடுகொடுக்கப் பால் ருசி வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ராத்திரி முழுக்க உறைந்த பிறகு, டம்ளரின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஐஸ் கழன்று வரும். சோடா இதற்குப் பிறகுதான். உயரமான கண்ணாடி டம்ளரில் குச்சி மேலே இருக்கும்படி ஐஸை நிறுத்தி, அப்போதுதான் உடைத்த சோடாவை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். ஐஸின் சொரசொரப்பிலும் ஐஸ்கிரீமின் காற்றுக் குமிழிகளிலும் ஒட்டிக்கொண்டு வாயு பொங்கி எழும். பாலின் புரதம் அந்தக் குமிழிகள் உடையாமல் பிடித்துக்கொள்ளும். பழுப்பும் வெள்ளையுமாக நுரை ஏறுவதைப் பார்க்கலாம். கால்வாசி டம்ளருக்கு மேல் சோடா ஊற்றாதீர்கள், நுரைக்கு இடம் வேண்டும். கொஞ்சம் கடிக்கலாம், கொஞ்சம் உறிஞ்சலாம். நான் ஐஸுக்குள் அடைக்கப் பார்த்த சுறுசுறுப்பு, டம்ளரிலேயே தானாக வந்துவிடுகிறது. அன்றைக்கே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

கடிதம் எழுதிய தங்கைக்கு: நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. நான் செய்து பார்க்கவில்லை. தப்பு உங்களுடையது அல்ல, கரண்டுடையதும் அல்ல, முழுக்க என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: அந்தப் பழைய பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சோடா இருக்கும் கண்ணாடி பாட்டில் எதையும், எவ்வளவு நேரத்துக்கானாலும், ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.