மெமரி கார்ட் வாசலில் இருப்பவர்கள்

இப்போது வருகிற லப்டொப் பலதில் மெமரி கார்ட் செருகும் வாசலே இல்லை. என்னுடையது பழசு, மூன்றாம் கை. விண்டோஸ் 11 அதில் ஏறாது, லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். கலியாண வீடு, தேர்த் திருவிழா என்று படமெடுக்கிற சிநேகிதர்கள் கமராவிலிருந்து கார்டைக் கழற்றிக்கொண்டு என்னட்டைத்தான் வருவார்கள். "மச்சான், உன்ர பெட்டியிலதான் இது திறக்குது." திறக்குது, சரி. ஆர் திறந்து விடுகினம்?

அந்தப் பிளவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதைக் கொன்ட்ரோலர் என்பார்கள். கார்டுக்கும் கணினிக்கும் இடையில் தரவைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அதன் வேலை. அந்தச் சிப்போடு கதைக்கத் தெரிந்த நிரல்தான் டிரைவர். (றைவர் என்றால் எங்கட ஊரில் பஸ் ஓட்டுறவர். இது அவரில்லை. ஆனால் ரோட்டில் எந்த இடத்தில் எந்தக் குழி என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேணும் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.)

எஸ்டி கார்டை 1999இல் பனசொனிக், சான்டிஸ்க், தொஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. பிறகு கொன்ட்ரோலருக்கும் எஸ்டிஎச்சிஐ என்று ஒரு பொதுத் தரம் வந்தது. ஆர் செய்த சிப் என்றாலும் ஒரே டிரைவர் போதும் என்பதுதான் கணக்கு. கடதாசியில் நல்ல கணக்கு.

லினக்ஸ் கேர்னலில் அந்த டிரைவரின் நிரலை ஆரும் திறந்து வாசிக்கலாம். எனக்குப் பிடித்த இடம், சிப்புகளின் கிறுக்குக் குணங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கும் பட்டியல். ஒரு சிப்புக்கு, கார்ட் உள்ளே இல்லாத நேரம் ரீசெட் பண்ணினால் பிடிக்காது. இன்னொன்று தன்னால் இயலும் வேலையையே இயலாது என்று சொல்லும். அதை நம்பாமல் வேலை வாங்க வேணும். கார்டின் ஓரத்தில் எழுதவிடாமல் பூட்டுகிற சின்னத் தள்ளி இருக்கும் அல்லவா, அது பூட்டியிருக்கா திறந்திருக்கா என்று ஒரு சிப்பிடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வரும். அதற்கு டிரைவர் என்ன செய்கிறது? ஐந்து தடவை வரை கேட்கிறது, பெரும்பான்மைப் பதிலை எடுக்கிறது. ஒரு கார்ட் பூட்டியிருக்கா என்று அறிய உள்ளுக்குள் வாக்கெடுப்பு!

ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பிட். 32 பிட்டுக்கு இடம் விட்டிருந்தார்கள். 32உம் நிரம்பிவிட்டது. இரண்டாவது பட்டியல் ஒன்று திறக்க வேண்டி வந்தது.

இதைவிட விசித்திரமானது 2007இல் ரிகோ நிறுவனத்தின் சிப்புகளுக்காகப் பிலிப் லாங்டேல் எழுதிய டிரைவர். அந்தச் சிப்பில் எஸ்டிக்கு ஒரு பகுதி, எம்எம்சி கார்டுக்குத் தனியாக இன்னொரு பகுதி. எஸ்டி பகுதிக்கு எம்எம்சி கார்டையும் வாசிக்கத் தெரியும், அதற்கு லினக்ஸில் டிரைவரும் இருந்தது. ஆனால் எம்எம்சி கார்டைச் செருகினால் மற்றப் பகுதி முந்திக்கொண்டு பறித்துவிடும், அதற்கோ டிரைவர் இல்லை. ஆகவே இந்தப் புது டிரைவர் செய்த ஒரே வேலை அந்த எம்எம்சி பகுதியை நிறுத்தி வைப்பது. அதோடு சரி.

கழற்றக்கூடிய பொருள் என்பதுதான் இந்த டிரைவர்களின் உண்மையான தலையிடி. லப்டொப்பை மூடுகிறீர்கள், அது தூங்குகிறது. அந்த இடைவெளியில் கார்டை எடுத்துக் கமராவில் போட்டு நாலு படம் பிடித்துவிட்டுத் திரும்பச் செருகுகிறீர்கள். விழித்தெழும் கேர்னல் கார்டின் அடையாளத்தைப் பார்க்கிறது: தொடரிலக்கம் உட்பட 128 பிட். அதே கார்ட்தான். ஆனால் உள்ளே எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை மாறிவிட்டது. தன் நினைவிலிருக்கும் பழைய அட்டவணையை அது திரும்ப எழுதினால் படங்கள் போச்சு. சரி, தூங்கி எழும்பினால் கார்ட் கழன்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம் என்றால், இயங்குதளத்தையே எஸ்டி கார்டில் வைத்திருப்பவரின் கணினி எழும்பாது. கார்ட் அப்படியே இருந்தது என்று நம்பச் சொல்கிற தெரிவு ஒன்று ஒரு காலத்தில் கேர்னல் அமைப்பில் இருந்தது. பக்கத்திலேயே 'ஆபத்தானது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நட்டம் இருக்கிற இப்படியான கேள்விக்கு ஆரோ ஒரு ஆள் இருந்து முடிவெடுக்க வேணும்.

ஒரு தரம் எழுதி வேலை செய்ய வைத்தால் டிரைவர் முடிந்தது என்று நினைப்போம். லினக்ஸில் அப்படியில்லை. கேர்னலின் உட்பகுதி எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் தரமாட்டோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் அதைப் பாவிக்கிற நூறு டிரைவரையும் திருத்த வேணும். கணினி அதே கணினி, சிப் அதே சிப்; அதைச் சுற்றியுள்ள வீடுதான் ஒவ்வொரு வருசமும் இடித்துக் கட்டப்படுகிறது.

எந்தப் பகுதிக்கு ஆர் பொறுப்பு என்று சொல்கிற கோப்பொன்று கேர்னலோடு வருகிறது. பெயருக்குக் கீழே நிலை: சம்பளத்துக்குப் பார்க்கிறார், பார்க்கிறார், நேரம் கிடைத்தால் பார்ப்பார், அநாதை. ஆமாம், அநாதை என்றுதான் அந்தச் சொல். எஸ்டி கார்ட் பகுதி முழுவதையும் கட்டி வளர்த்த பியர் ஒஸ்மான் 2009இல் விலகியபோது அதற்கும் அந்தச் சொல்தான் விழுந்தது. உலகமெல்லாம் ஃபோனிலும் கமராவிலும் எஸ்டி கார்ட் இருந்த காலம் அது. பிறகு கிறிஸ் போல் எடுத்தார், அவருக்குப் பின் உல்ஃப் ஹான்சன். நிறைய ஆட்கள் பாவிக்கிற பொருளென்றால் எப்படியோ ஒருவர் வந்துவிடுவார். குறைய ஆட்கள் பாவிக்கிறதுக்கு? 2019இல் ஃப்ளொப்பி டிரைவரை அநாதை என்று குறித்தார்கள். பொறுப்பாக இருந்தவரிடம் சோதித்துப் பார்க்க வேலை செய்கிற ஃப்ளொப்பியே இல்லை. பிறகு ஒருவர் முன்வந்து எடுத்துக்கொண்டார். 2023இல் பழைய பிசிஎம்சிஐஏ கார்டுகளுக்கான டிரைவர் சிலதுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை, அழித்துவிட்டார்கள்.

அழித்தது பிழையென்று நான் சொல்ல மாட்டேன். ஆரும் சோதிக்காத நிரல் ஓட்டைகளோடு கிடக்கும், அதைத் திருத்துகிறவரின் நேரமும் வீண். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு டிரைவரை ஆராவது பாவிக்கிறார்களா என்று எப்படி அறிகிறார்கள்? ஆராவது பிழை சொல்லி எழுதினார்களா என்று பார்க்கிறார்கள். எழுதவில்லையென்றால் பாவனையாளர் இல்லை. ஆனால் பழைய மெசினை அதிகம் பாவிக்கிறது ஆர்? புதுசு வாங்கக் காசில்லாத நாங்கள். இங்கே கார்ட் திறக்காவிட்டால் நாங்கள் ஆங்கிலத்தில் கேர்னல்காரருக்கு எழுதுவதில்லை. "இந்த ஸ்லொட் பழுதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு யூஎஸ்பி ரீடர் ஒன்று வாங்குகிறோம். கடைக்காரரும் அதைத்தான் சொல்லுவார். சிப்பில் ஒரு பழுதும் இல்லாமலிருக்கலாம். அங்கே கணக்கெடுக்கிறவருக்கோ நாங்கள் இல்லாத ஆட்கள்.

சோனி 1998இல் கொண்டுவந்த மெமரி ஸ்டிக்கை இப்போது ஆரும் வாங்குவதில்லை. அதை வாசிக்கும் பகுதிக்குப் பொறுப்பாக அந்தக் கோப்பில் நான் கடைசியாகப் பார்த்தபோது மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று மக்சிம் லெவிட்ஸ்கி. ரிகோ சிப்பின் மெமரி ஸ்டிக் பகுதிக்கும், ஒலிம்பசும் ஃபுஜியும் கொண்டுவந்த எக்ஸ்டி கார்ட் பகுதிக்கும் டிரைவர் எழுதியவர் அவர். எக்ஸ்டி கார்டுக்குள் சொந்தமாகக் கொன்ட்ரோலர் இல்லை. எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கு முழுவதையும் கணினிதான் வைத்திருக்க வேணும். அந்தக் கணக்கையும் அவரே எழுதினார். பழைய ஒலிம்பஸ் கமரா ஒன்று வீட்டு அலுமாரியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், எக்ஸ்டி கார்ட் ஒன்று உள்ளேயே இருக்கக்கூடும். திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆங்கிலம் வடிவாக இருக்கத் தேவையில்லை. கேர்னலின் பதிப்பு எண்ணும் சிப்பின் பெயரும் சரியாக இருந்தால் போதும்.