ஏரித்தீவில் ஒரு பாடசாலை

அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஸ்குவாம் ஏரியிலே சிறு தீவொன்று உண்டு. படகேறியே அதனை அடைதல் வேண்டும்.

கோடை விடுமுறையை விடுதிகளிற் சோம்பிக் கழித்த செல்வர்வீட்டுச் சிறுவரைக் கண்டு கவன்ற ஏர்னஸ்ட் பால்ச் என்னும் கல்லூரி மாணவர், 1881இல் இங்கே சொக்கோருவா முகாமை நிறுவினார். நீச்சல், படகோட்டம், விளையாட்டு யாவும் இருந்தன. வேலைக்காரர் மட்டும் இலர்! சமைத்தலும் பாத்திரம் துலக்கலும் சிறுவர் கடமையே. உடனுறைந்து வழிகாட்டியோரும் கல்லூரி இளைஞரே. உழைப்பு இழிவன்று என்பதை அவர்கள் உபதேசத்தாலன்றிச் செய்கையால் உணர்த்தினர்.

1889இல் முகாம் மூடப்பட்டது. ஆயினும் அதன் வழியிற் பல முகாம்கள் எழுந்தன. மரங்களிடையே அமைந்த அதன் திறந்தவெளி வழிபாட்டிடத்தில் இன்றும் கோடை ஞாயிறுகளில் ஆராதனை நிகழ்கின்றது.

விடுமுறையிலும் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்புத் தேடும் பெற்றோரே, உண்ட கோப்பையைத் தானே கழுவப் பழகுவதும் கல்வியன்றோ?