பேத்தியோடு பாம்பன் வரை

"ராமேஸ்வரமா? அதுவும் குழந்தையைத் தூக்கிக்கிட்டா? நாங்க வரலைம்மா, நீயும் அப்பாவும் போய்ட்டு வாங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டாள் என் பெண்.

அவள் பயந்ததற்குக் காரணம் நானேதான். 2001-ஆம் வருஷம் ஆடி அமாவாசைக்கு நாங்கள் பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி ராமேஸ்வரம் போனோம். அப்போது அவளுக்கு ஒன்றரை வயசு. காலையில் காய்ச்சிய பாலைப் பாட்டிலில் ஊற்றி, பைக்குள் துணி சுற்றி வைத்திருந்தேன். மத்தியானம் மோந்து பார்த்தேன். கெடவில்லை என்று தோன்றியது, கொடுத்துவிட்டேன். ராத்திரி பேதி ஆரம்பித்தது. எட்டுத் தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கூட வந்த பெரியவர்கள், "தண்ணி கொடுக்காதே, கொடுத்தா இன்னும் போகும்" என்றார்கள். எனக்கு அப்போது இருபத்து மூணு வயசு. அவர்கள் சொன்னபடியே செய்தேன். விடியும்போது குழந்தை அழுதாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கண் உள்ளே போயிருந்தது. ஒரு டாக்ஸி பிடித்து ராமநாதபுரத்துக்கு ஓடினோம். அந்தத் தடவை பாம்பன் பாலத்தில் நான் பார்த்தது கடலை அல்ல, மடியில் கிடந்த குழந்தையின் வாயை மட்டும்தான். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் 'டக் டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த டாக்டர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "பேதி கொல்றதில்லைம்மா, உடம்புத் தண்ணி வத்திப் போறதுதான் கொல்லும். போகப் போகக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இந்தக் கதையை என் பெண்ணுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவளுக்கு நினைவே இல்லாத ஒரு ராத்திரி அவள் மனசில் பயமாக உட்கார்ந்துவிட்டது. இப்போது அவளுக்கே ஒன்றரை வயசில் ஒரு பெண். இந்தத் தை மாதம் என் மாமனாரின் திதியை அக்னி தீர்த்தத்தில் கொடுக்க வேண்டும் என்று இவர் ஆரம்பித்ததும், கொள்ளுப் பேத்தியும் வந்தால் அவர் ஆத்மா குளிரும் என்று இவருக்கு ஆசை. எனக்கும் வேறொரு ஆசை. அந்தப் பாலத்தை ஒரு தடவையாவது பயமில்லாமல் கடக்க வேண்டும்.

"நான் ஒரு திட்டம் எழுதி அனுப்பறேன். படிச்சுப் பாரு, பிடிக்கலைன்னா வர வேண்டாம்" என்றேன். பழைய கணக்கு நோட்டில் மூணு பக்கம் எழுதினேன். எழுதும்போது ஒன்று புரிந்தது. முன்பெல்லாம் எந்தெந்த இடம் பார்க்கணும் என்று எழுதிவிட்டு, நடுவே குழந்தையைச் செருகுவோம். இந்தத் தடவை குழந்தை எப்போது தூங்கும், எப்போது சாப்பிடும், எப்போது சிணுங்கும் என்பதை முதலில் எழுதினேன். மிச்சமிருந்த நேரத்தில்தான் கோயிலும் கடலும். இடங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. இவருக்கு முகம் வாடியது. "அவ்வளவு தூரம் போயிட்டு..." என்றார். நான் பதில் பேசவில்லை.

தேதி முதலில். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டும் கூடாது. அந்தக் கூட்டத்தில் குழந்தையை இறக்கி விடவே இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அந்தக் கரையில் புயல் மழைக் காலம். நல்ல வேளையாக மாமனாரின் திதி தை வளர்பிறையில், அதுவும் வாரத்தின் நடுவில் வந்தது. வெயிலும் உறைக்காத மாதம்.

அடுத்தது வண்டி. மாப்பிள்ளையின் காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை உண்டு. பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி மாட்டுவது. இரண்டு வயசு வரைக்குமாவது அப்படிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் கழுத்துக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். "மடியில வச்சுக்கிட்டா போதாதா?" என்று கேட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று பிரேக் போட்டால் பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது. பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அபராதம் என்றதும் இவர் ஒப்புக்கொண்டார்!

சாப்பாட்டில் பாலுக்கு இடமே கொடுக்கவில்லை. தாய்ப்பால் இன்னும் உண்டு, அது போதும். விடிகாலையில் வார்த்த இட்லியில் நெய் தடவி, சட்னி வைக்காமல் ஒரு டப்பா. வாழைப்பழம், பொரி, சத்துமாவு ஒரு பொட்டலம், சின்ன மின்சாரக் கெட்டில். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எவர்சில்வர் கேனில் ஐந்து லிட்டர். ராமேஸ்வரத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சுவை உண்டு. குழந்தைக்குப் புதுத் தண்ணீர் வேண்டாமே.

அப்புறம் நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இளம் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1971-இல் வங்க தேசத்துப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற இடத்து அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில்கள் போதவில்லை. திலீப் மகலநாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து, குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார்; மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அவர் அதைச் செய்து காட்டி முப்பது வருஷம் கழித்து, ராமேஸ்வரத்து லாட்ஜ் அறையில் நான் என் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் மீந்தால் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவாக. குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, ரத்தம் போனாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. பெட்டிக்கடையில் விற்கும் பழரச டப்பா இதற்கு ஈடாகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மூணு பக்கத்தையும் படித்துவிட்டு என் பெண் ஒரு வரிதான் பதில் அனுப்பினாள். "அஞ்சாவது பாக்கெட் நான் வாங்கிக்கறேன்."

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பேத்தி தூக்கத்தோடேயே வண்டியில் ஏறினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மீமிசல் தாண்டிப் பொழுது விடிந்தது. ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி இட்லி கொடுத்தோம். இந்தச் சாலையில் கடல் எப்போதும் பக்கத்திலேயே தெரியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கருவேலங்காடும், உப்பளமும், ஊருக்கு ஊர் ஆட்டு மந்தையும்தான் அதிகம். ஆனால் அந்த ஆடுகள்! தொண்டிக்கு அருகில் ஒரு மந்தை சாலையைக் கடக்க, பத்து நிமிஷம் வண்டி நின்றது. பேத்திக்கு அதுதான் பயணத்தின் முதல் திருவிழா. "மே, மே" என்று கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வண்டியிலிருந்தே கும்பிட்டோம். அவர் வெயிலை உகந்தவர், எங்கள் பேத்தி அப்படியல்ல. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை இவரும் மாப்பிள்ளையும் போய்ச் சுற்றி வந்தார்கள். நாங்கள் நிழலில் துணி மாற்றினோம். வழியில் ஒதுங்க வசதி குறைவு. நல்ல பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால், தேவையில்லாவிட்டாலும் நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

உச்சிப்புளி தாண்டியதும் பேத்தி தூங்கிவிட்டாள். மண்டபம் வந்தது. எல்லோரும் காத்திருந்த பாலம் வந்தது.

"எழுப்பிடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாங்க. தூங்கட்டும்" என்றாள் என் பெண்.

1988-இல் திறந்த பாலம் இது, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். ஒரு பக்கம் பழைய ரயில் பாலம். 1914-இல் திறந்தது, கப்பல் வரும்போது நடுவே இரண்டு கை மாதிரிப் பிரிந்து மேலே தூக்கிய பாலம். 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதன் அருகே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். இதில் நடுத்துண்டு மட்டும் லிஃப்ட் மாதிரி நேரே மேலே எழும்பும். எல்லாம் நான் படித்து வைத்திருந்தேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. சக்கரத்தின் 'டக் டக்' கேட்டது. பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, வாயோரம் எச்சில். என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், பாலம் முடியும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பகல் முழுதும் லாட்ஜில் தூக்கம், கஞ்சி, மறுபடி தூக்கம். நாலரை மணிக்கு மேல் பாம்பனுக்கே திரும்பி வந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, குழந்தையைக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் பகீரென்கிறது. அங்கே காற்று ஆளையே தள்ளும். கீழே ஊருக்குள் இறங்கினால் படகுகள் நிற்கும் கரையிலிருந்தே இரண்டு பாலமும் தெரிகின்றன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "பாப்பாவுக்குத் தொப்பியைக் கட்டி விடு தாயி, காத்து கொண்டுபோயிரும்" என்றார். வடக்கே அமைதியாகக் கிடப்பது பெண்கடல், தெற்கே அலை அடிப்பது ஆண்கடல் என்று அவர்தான் சொன்னார். "இன்னிக்குப் பொம்பளை அமைதியா இருக்கா, நாளைக்குக் கேக்காதே" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துப் புதுப் பாலத்தில் ரயில் ஒன்று வந்தது. பேத்தி விரலை நீட்டி, மூச்சுப் பிடித்து, கடைசியில் சொன்னது என்ன தெரியுமா? "மே!"

மறுநாள் விடியுமுன் திதி. அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி இருந்தது. பேத்தியின் காலை மட்டும் நனைத்தோம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். ஈரத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நீளப் பிராகாரங்களைச் சுற்றுவது சரிப்படாது. நான் தீர்த்தமாடவில்லை, குழந்தையோடு வெளியே உட்கார்ந்துவிட்டேன். "இவ்வளவு தூரம் வந்து தீர்த்தமாடாம போறியே" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார் இவர். பெண்ணும் மாப்பிள்ளையும் நனைந்து நடுங்கி வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தனுஷ்கோடி. இருட்டுமுன் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் ஒதுங்க மரமும் கிடையாது. ஆகவே காலைதான் நல்லது. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரும், வந்துகொண்டிருந்த ரயிலும் ஒரே ராத்திரியில் போன இடம். இடிந்த சர்ச் சுவரைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. பேத்தி மட்டும் நண்டு வளைக்குள் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். கடலில் இறங்க வேண்டாம், இழுக்கும். அங்கே நான் வியந்தது வேறொன்று. அந்த ஊர்ப் பெண்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் நல்ல தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு கை வாங்கிக் குடித்தேன். தித்திப்பு!

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று ஆறு வாங்கினேன். அந்த ஊர் நாற்றுக்குப் பேர் போனது. வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றி, குழந்தையின் இருக்கைக்குக் கீழே நிழலில் வைத்தேன். வீடு வந்து பையைப் பிரித்தபோது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலும் அப்படியே இருந்தன. ஐந்தாவதை என் பெண் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். நாற்றில் நாலு பிழைத்திருக்கின்றன.